ஒன்யேகா ஒன்வேனுவை ‘அம்மா நடிகை’ என்று சொல்லி முடித்துவிடலாமா?

2025 மார்ச் 3

வாசகர் ஒருவர் எழுதியது: “நெட்ஃப்ளிக்ஸில் ‘லயன்ஹார்ட்’ என்ற நைஜீரியப் படம் பார்த்தேன். கதாநாயகியின் அம்மாவாக வருபவர் ஒன்யேகா ஒன்வேனு. பழைய பாடகியாம். பாட்டு வாய்ப்பு ஓய்ந்த பிறகு அம்மா வேடத்துக்கு வந்தவர் என்று நினைக்கிறேன். நம் ஊரிலும் இப்படிப் பலர் உண்டே?”

2025 மார்ச் 3, இரவு

இல்லை. ஒரு வரியில் விட்டுவிட மனம் வரவில்லை.

ஒன்யேகா ஒன்வேனு 1952 ஜனவரி 31 அன்று பிறந்தவர். இக்போ இனத்தவர். சொந்த ஊர் இமோ மாநிலத்தின் அரோண்டிசுஓகு, வளர்ந்தது போர்ட் ஹார்கோர்ட். அமெரிக்காவில் வெல்லெஸ்லி என்ற பெண்கள் கல்லூரியில் சர்வதேச உறவுகளும் தகவல்தொடர்பும் படித்தார். நியூயார்க்கில் ‘நியூ ஸ்கூல்’ நிறுவனத்தில் ஊடகவியலில் முதுகலை முடித்தார். ஐ.நா. தலைமையகத்தில் பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலையும் பார்த்தார். 1980இல் ஊர் திரும்பினார். பட்டதாரிகள் அங்கே ஓராண்டு தேசிய சேவை செய்ய வேண்டும். அதை அரசுத் தொலைக்காட்சியான என்.டி.ஏ.வில் செய்தவர், அங்கேயே செய்தியாளராகவும் ஆனார். அந்த வேலையில் இருந்தபடியே 1981இல் முதல் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். நைஜீரிய இசைக்கலைஞர் சங்கத்துக்குத் தலைவியான முதல் பெண்ணும் இவர்தான்.

ஆக, பாட்டு ஓய்ந்து நடிப்புக்கு வந்தவர் என்பது சரியல்ல. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

2025 மார்ச் 4

“உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

அப்பா கணக்கு வாத்தியார். 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் நைஜீரியப் பள்ளிகள் இந்தியாவிலிருந்து ஏராளமான ஆசிரியர்களை எடுத்தன. கணக்கும் அறிவியலும் சொல்லித்தர அங்கே ஆள் போதவில்லை. எண்ணெய்க் காசு இருந்தது, சம்பளம் நன்றாக இருந்தது. நாங்கள் 1982இல் போனோம். எனக்கு அப்போது ஏழு வயது. ஓவெரி பக்கம் ஒரு பள்ளி வளாகத்தில் வீடு. செம்மண் தெரு, மழைக்காலத்தில் செருப்போடு அரைக்கிலோ மண்ணும் வரும்.

கரண்ட் போனால் “நேபா எடுத்துட்டான்” என்போம். நேபா என்பது அங்கத்திய மின்வாரியம். திரும்ப வந்ததும் தெருப் பிள்ளைகள் எல்லாரும் “அப் நேபா!” என்று கத்துவார்கள், நாங்களும் சேர்ந்து கத்துவோம். நேபா கருணை காட்டிய இரவுகளில் ஒன்பது மணிக்கு என்.டி.ஏ. செய்தி. என் நினைவில் ஒன்யேகா அங்கேதான் இருக்கிறார், 1984 வாக்கில், நெற்றி தெரிய முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு. செய்தி முடிந்த கையோடு அவருடைய ‘ஒன் லவ்’ பாட்டும் வரும். அம்மா கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்பார்.

2025 மார்ச் 4, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு பிழை. ‘ஒன் லவ்’ வந்தது 1986இல். 1984இல் நான் அதைக் கேட்டிருக்க வழியே இல்லை. இரண்டு வருட இடைவெளியில் பார்த்ததையும் கேட்டதையும் என் மனசு ஒரே இரவாகத் தைத்து வைத்திருக்கிறது. அம்மா வேலையை நிறுத்திக் கேட்டது மட்டும் நிச்சயம். அது ஓவெரியில் எங்கள் இரண்டாவது வீடு. அங்கே சமையலறையிலிருந்து பார்த்தால் டிவி தெரியும்.

2025 மார்ச் 6

இசைத்தட்டுகளைப் பற்றி.

முதல் தட்டு ‘ஃபார் த லவ் ஆஃப் யூ’. பெர்க்லி ஜோன்ஸ் தயாரித்தது. சன்னி ஒகோசுனின் ‘ஹெல்ப்’ பாட்டை வாத்தியக் குழுவோடு அதில் திரும்பப் பாடியிருக்கிறார். 1984இல் வந்த ‘இன் த மார்னிங் லைட்’ லண்டனில் பதிவானது. ‘எக்வே’ பாட்டு பரவியதும் அந்தக் காலத்தில்தான். ‘எக்வே’ என்பது மரத்தைக் குடைந்து செய்த இக்போ மேளம். ஊர்க்கூட்டத்துக்கு ஆள் கூப்பிடவும் அதைத்தான் அடிப்பார்கள். பள்ளி விழாக்களில் அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன், மார்புக்கூட்டுக்குள் இடிக்கும்.

‘ஒன் லவ்’ அங்கே எல்லா இனத்தாரும் தங்களுடையதாக எடுத்துக்கொண்ட பாட்டு. உள்நாட்டுப் போர் முடிந்து பதினாறு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தப் போரில் இக்போ மக்கள் பியாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரியப் பார்த்துத் தோற்றார்கள். தோற்ற அந்தப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பெண் ஒற்றுமையைப் பாடுகிறார், எதிர்ப்பக்கம் இருந்த லேகோஸும் கானோவும் சேர்ந்து பாடுகின்றன. சின்ன வயதில் எனக்கு இது புரியவில்லை. இப்போது அந்தப் பாட்டைக் கேட்டால் தொண்டை அடைக்கிறது.

குரலை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தத் தலைமுறையில் இவரைவிடப் பெரிய குரல்கள் இருந்தன, அதை மறைக்க வேண்டாம். ஆனால் பாடும்போது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும். செய்தி வாசித்துப் பழகிய வாய் என்று நினைக்கிறேன்.

2025 மார்ச் 6, இரவு

அந்த 1984ஆம் வருஷத்தைப் பற்றி இன்னும் ஒன்று. அதே ஆண்டில்தான் பி.பி.சி.யும் என்.டி.ஏ.வும் சேர்ந்து எடுத்த ‘நைஜீரியா: எ ஸ்குவாண்டரிங் ஆஃப் ரிச்சஸ்’ என்ற ஆவணப்படம் வந்தது. எழுதியவரும் திரையில் வந்து சொன்னவரும் ஒன்யேகா. எண்ணெய் வருமானம் யார் யார் பைக்குப் போனது, எண்ணெய் எடுக்கும் டெல்டா பகுதி மக்களுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்ட படம். நாடு அப்போது ராணுவ ஆட்சியில் இருந்தது. அரசுத் தொலைக்காட்சியில் வேலை பார்த்துக்கொண்டே இதையும் செய்திருக்கிறார். காலையில் காதல் பாட்டு, மாலையில் இந்தக் கேள்வி. இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான்.

2025 மார்ச் 9

“நல்ல வசதியான குடும்பம், அமெரிக்கப் படிப்பு, அப்புறம் தைரியம் வராமல் எப்படி?” என்று கொழும்பிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

வசதியான குடும்பம்தான், அவருக்கு நாலு வயது ஆகும்வரை. அப்பா டி.கே. ஒன்வேனு கல்வியாளர், அரசியல்வாதி. கல்வி அமைச்சராகப் பதவியேற்க ஒரு வாரம் இருக்கும்போது கார் விபத்தில் போய்விட்டார். விதவையான அம்மா ஹோப், ஐந்து பிள்ளைகள். கணவன் வீட்டு ஆட்கள் சொத்தில் கைவைக்க விடவில்லை. அந்த அம்மா தனியாளாக ஐந்து பேரையும் வளர்த்தார். நன்றாகப் பாடவும் செய்வாராம்.

பிற்காலத்தில் ஒன்யேகா அம்மாவுக்காகவே ‘ஓச்சியே டிகே’ என்று ஒரு பாட்டுப் பாடினார். 2020இல் எழுதிய தன் வாழ்க்கைக் கதைக்கு வைத்த பெயரோ ‘மை ஃபாதர்ஸ் டாட்டர்’. பாட்டை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் புத்தகத் தலைப்பை அப்பாவுக்குக் கொடுத்ததை நான் ரொம்ப நேரம் யோசித்தேன். நாலு வயதில் போன அப்பாவின் பெயரை எழுத்தில் நிறுத்தி வைக்க வேண்டும் என்று இருந்திருக்கும். அம்மாவின் பெயரை அப்படி நிறுத்த வேண்டியதில்லை, அவர் கூடவே இருந்தார்.

அதோடு, பியாஃப்ரா போர் தொடங்கியபோது ஒன்யேகாவுக்குப் பதினைந்து வயது. முடிந்தபோது பதினெட்டு ஆக இரண்டு வாரம் இருந்தது. வசதி என்ற கணக்கு அந்த வயதில் அந்த மண்ணில் யாருக்கும் பொருந்தாது.

2025 மார்ச் 12

முதல் குறிப்பில் நான் எழுதிய ஒன்றை அடித்துவிடுங்கள். இசைக்கலைஞர் சங்கத்தின் முதல் பெண் தலைவர் ஒன்யேகா அல்ல, கிறிஸ்டி எஸ்ஸியன்-இக்போக்வே. சுட்டிக்காட்டிய மதுரைக்காரருக்கு நன்றி. சரிபார்க்காமல் எழுதியது என் தவறு.

தவறு செய்தது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, கிறிஸ்டியைப் பற்றிப் பேச இடம் கிடைத்தது. 1960இல் பிறந்தவர், ஒன்யேகாவைவிட எட்டு வயது சின்னவர். ஆனால் இசையில் மூத்தவர். 1970களிலேயே தட்டு வெளியிட ஆரம்பித்துவிட்டார். அவருடைய ‘சேயுன் ரேரே’ 1981இல் வந்தது. அது யொருபா மொழிப் பாட்டு. அவரோ தென்கிழக்கில் இபிபியோ குடும்பத்தில் பிறந்தவர், கணவர் இக்போ. பல மொழிகளில் பாடினார், ஒவ்வொரு மொழிக்காரரும் எங்கள் பிள்ளை என்று சொல்லும்படி.

நடிப்பிலும் அவரை முதலில் சொல்ல வேண்டும். ‘த நியூ மாஸ்கரேட்’ என்ற நகைச்சுவைத் தொடரில் ஜெகெடேயின் மனைவி அபேனாவாக வந்தது கிறிஸ்டிதான். அந்தத் தொடர் ஓடும் நேரத்தில் எங்கள் வளாகத்தில் வெளியே ஆள் நடமாட்டமே இருக்காது. டிவி இருக்கும் வீட்டில் டிவி இல்லாத நாலு வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அதில் சீஃப் செப்ருடாயா என்ற பாத்திரம் பேசும் உடைந்த ஆங்கிலத்தை என் தம்பி அப்படியே பிடித்துக்கொண்டு பள்ளியில் பேச, டீச்சர் வீட்டுக்கு ஆளனுப்பினார். அப்பா கண்டிக்கப் போனவர் அவனைத் திரும்பப் பேசச் சொல்லி ஒரு தடவை கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டார்.

கிறிஸ்டி 2011 ஜூன் 30 அன்று இறந்தார். ஐம்பதுதான் வயது.

2025 மார்ச் 13

“அப்படியானால் முன்னோடி யார், இவரா அவரா?” என்று மூன்று பேர் கேட்டாயிற்று. எனக்கு இந்தப் போட்டியில் ஆர்வம் இல்லை. நெல்லி உச்செண்டு என்ற இன்னொருவரும் இருக்கிறார். 1970களில் ‘லவ் ந்வாண்டிண்டி’ பாடியவர். ‘சின்னக் காதல்’ என்று பொருள். ஒருவர் உடனே, “அட, ரீல்ஸ்ல வருதே, அதுவா?” என்று கேட்டிருக்கிறார். அது இல்லைங்க. ரீல்ஸில் வருவது சிகே என்ற பையன் 2019இல் போட்டது. தலைப்புச் சொல் ஒன்று, பாட்டு வேறு. பழையதைத் தேடிக் கேளுங்கள், ஹைலைஃப் என்ற மேற்கு ஆப்பிரிக்க ஆட்ட இசையில் கிதார் எப்படி நடக்கிறது என்று தெரியும்.

2025 மார்ச் 17

இதை எழுதத்தான் இந்த இழையில் நுழைந்தேன், சுற்றிச் சுற்றி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

ஒன்யேகாவின் புகழ்பெற்ற பாட்டுகளில் ஒன்று ‘இயோகோகோ’. 2000ஆம் ஆண்டில், அந்தப் பாட்டைப் பயன்படுத்தியதற்கு என்.டி.ஏ. தனக்கு உரிமத்தொகை தர வேண்டும் என்று கேட்டார். வேலை பார்த்த அதே தொலைக்காட்சி. தரவில்லை, திரையில் அவர் முகமே வரக்கூடாது என்றும் தடுத்தார்கள். அவர் நிலையத்தின் வாசலில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தார். ஊழியர்கள் யாரும் அவரைக் கண்டுகொள்ளக் கூடாது என்று உத்தரவு. சார்லி பாய் மாதிரிச் சில கலைஞர்கள் வந்து துணை நின்றார்கள். ஆறு நாள். அப்புறம் தொகை பற்றி உடன்பாடு ஏற்பட்டு எழுந்தார். அப்போது வயது நாற்பத்தெட்டு, நாடறிந்த பெயர். யாரையாவது பிடித்து ஓரமாகப் பேசி முடித்திருக்கலாம். வாசலில் போய் உட்கார்ந்தார்.

என் அப்பா இப்படி உட்காரவில்லை. 1986இல் நைராவின் மதிப்பு சரிந்தது. ஊருக்கு அனுப்பும் பணம் பாதியாகி, அதிலும் பாதியானது. அது போதாதென்று சம்பளமே நின்றது. எந்தப் பள்ளி, எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. ஆறு மாதச் சம்பளம் பாக்கி. அப்பா வாரா வாரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், “அடுத்த வாரம் வாருங்கள்” என்று கேட்டுக்கொண்டு வருவார். குரல் உயர்த்தியதே இல்லை. அந்நிய நாடு, குடும்பம் கூட இருக்கிறது, விசா அவர்கள் கையில். 1988இல் நாலு மாதத்துக்கான பணத்தோடு கிளம்பிவிட்டோம். பக்கத்து வீட்டு நைஜீரிய ஆசிரியர் குடும்பத்துக்கும் அதே பாக்கி, அவர்களுக்குக் கிளம்பிப் போக இன்னொரு ஊர் இல்லை. அந்த அம்மா எங்களுக்கு வழிச்சோறாக மொய்மொய் அவித்துக் கொடுத்தார்.

அந்த உண்ணாவிரதச் செய்தியை நான் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். படித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது அந்த வெள்ளைச் சட்டை.

2025 மார்ச் 18

“உண்ணாவிரதம் எல்லாம் விளம்பரம். பிரபலம் என்பதால் உட்கார முடிந்தது” என்று ஒரு பதில் வந்திருக்கிறது.

பிரபலம் என்பதால் உட்கார முடிந்தது என்பது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர் பெற்றவர்களுக்குத்தான் உட்காரக் கூச்சமும் அதிகம். காசுக்காகத் தெருவில் உட்கார்ந்தாள் என்ற பேச்சு வரும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தனக்குச் சேர வேண்டியதைக் கேட்டுப் பெற முடியாத ஒரு விதவை வீட்டில் வளர்ந்தவர் அவர். ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்று என் அம்மா அடிக்கடி சொல்வார். ஒன்யேகா அழவில்லை, உட்கார்ந்தார். அதில் எனக்கு நாடகம் தெரியவில்லை.

2025 மார்ச் 22

சின்ன விஷயம், ஆனால் விட்டுவிடக் கூடாது. 1989இல் கிங் சன்னி அடேயோடு சேர்ந்து ‘வெயிட் ஃபார் மீ’, ‘சாய்சஸ்’ என்று இரண்டு பாட்டுப் பாடினார். இளைஞர்கள் அவசரப்பட வேண்டாம், குழந்தையைத் திட்டமிட்டுப் பெறுங்கள் என்று சொல்லும் குடும்பநலப் பாட்டுகள். அரசாங்கச் சுவரெழுத்து மாதிரி இருக்குமோ என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஜூஜூ என்ற யொருபா இசைவகைக்காரர் ஒருவர், பாப் பாடகி ஒருவர், இரண்டு பேரும் பேசிக்கொள்கிற மாதிரி நடக்கிறது. அறிவுரை என்ற நினைப்பே வராமல் ஆடலாம்.

1988 தட்டில் வின்னி மண்டேலாவுக்காக ஒரு பாட்டு. மண்டேலா விடுதலையாகி 1990இல் இருவரும் நைஜீரியா வந்தபோது அவர்கள் முன்னாலேயே அதைப் பாடினார். பிறகு தேவாலயப் பாடல்கள் பக்கம் திரும்பினார்.

2025 மார்ச் 23

அரசியல் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், நின்றார். சொந்த ஊர் அடங்கிய இடேயாட்டோ வடக்கு வட்டாரத்தில் உள்ளாட்சித் தலைவர் பதவிக்கு இரண்டு தடவை முயன்று தோற்றார். பிறகு இமோ மாநிலக் கலை பண்பாட்டு மன்றத்தின் தலைவர், 2013 முதல் தேசியப் பெண்கள் மேம்பாட்டு மையத்தின் தலைமை இயக்குநர்.

கணவர் பற்றிக் கேட்டவருக்கு: இரண்டு மகன்கள். மண வாழ்க்கையைப் பத்திரிகைக்காரர்களிடம் விரிக்க அவர் விரும்பவில்லை, நானும் அந்தக் கதவைத் தட்டப் போவதில்லை.

2025 மார்ச் 30

இழையின் தலைப்புக்கு இப்போதாவது வருவோம், நடிப்பு.

‘ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்’ படத்தில் (சிமமாண்டா அடிச்சியின் நாவல், பியி பண்டேலே இயக்கம், 2013) ஒடேனிக்போவின் அம்மாவாக வருகிறார். பல்கலைக்கழக ஊரில் மகன் வீட்டுக்குக் கிராமத்திலிருந்து வந்து இறங்கும் அம்மா. மகன் கூட வாழும் படித்த பெண்ணைப் பார்த்ததும் சூனியக்காரி என்று சத்தம் போட்டு அடுப்படியைக் கைப்பற்றுகிறார். முதல் தடவை பார்த்தபோது கொஞ்சம் மிகை என்று நினைத்தேன். இரண்டாவது தடவை எண்ணம் மாறியது. வெல்லெஸ்லியில் படித்துவிட்டு வந்த பெண், படித்த மருமகளைத் துரத்தும் மாமியாராக நிற்கிறார். கணவன் வீட்டாரால் ஒதுக்கப்பட்டவரின் மகள், அந்தக் கணவன் வீட்டாராகவே மாறி நிற்கிறார். அந்தக் கோபத்தை அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் குரல் வேறெங்கிருந்து கிடைக்கும்?

கதை நடப்பதோ போருக்கு முன்னும் போரின்போதும். அவர் வாழ்ந்து கடந்த காலம்.

2025 ஏப்ரல் 2

ஒன்யேகாவுக்கு இருந்த ‘எலிகன்ட் ஸ்டாலியன்’ என்ற பட்டப்பெயரைப் பற்றி ஒரு தோழி கேட்கிறார், ஸ்டாலியன் ஆண் குதிரை ஆயிற்றே என்று. ஆமாம். ரசிகர்கள் இலக்கணம் பார்த்து வைக்கவில்லை. நிமிர்ந்த நடை, நீண்ட கழுத்து, மேடையில் ஒரு மிடுக்கு. எங்கள் வளாகத்துப் பெண் பிள்ளைகள் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அந்த நடை நடந்து பார்ப்போம்.

பெயர்க் கதை இன்னொன்று: ‘ஒன்யேகா’ என்றால் இக்போவில் ‘யார் பெரியவர்?’ கடவுளைவிட யார் பெரியவர் என்பது முழு வாக்கியம். பாதியில் நிற்கும்போது அது ஒரு கேள்வியாகவே இருக்கிறது. எனக்கு அந்தப் பாதிப் பெயர்தான் பிடிக்கும்.

2025 ஏப்ரல் 11

‘லயன்ஹார்ட்’ இன்னொரு தடவை பார்த்தேன், இந்த முறை அம்மாவோடு. அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு. முதலில் கேள்வி கேட்டவருக்காக: அந்தப் படத்தை இயக்கியதும் கதாநாயகியும் ஜெனிவிவ் நாஜி. ஆங்கிலமல்லாத படங்களுக்கான ஆஸ்கர் பிரிவுக்கு நைஜீரியா அனுப்பிய முதல் படம், வசனம் பெரும்பாலும் ஆங்கிலம் என்று 2019இல் தள்ளிவிட்டார்கள். ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக விட்டுப்போனது யார் என்று அங்கே எல்லாரும் கேட்டார்கள், சரியான கேள்விதான். ஒன்யேகாவுக்கு அதில் பெரிய வேடம் இல்லை. ஆனால் பீட் எடோச்சியே கணவராக உட்கார்ந்திருக்க இவர் பக்கத்தில் வரும்போது அந்த வீடு உண்மையான வீடாகிவிடுகிறது.

அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “இது நம்ம நியூஸ் பொண்ணு இல்ல?” என்றார். நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

2024 ஜூலை 30 அன்று லேகோஸில் ஒரு பிறந்தநாள் விருந்தில் பாடிவிட்டு உட்கார்ந்தவர் சரிந்துவிட்டார், எழுபத்திரண்டு வயது என்று சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உண்ணாவிரதக் கதையையும் சொன்னேன். அதை நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

“காசு வாங்கினாளா?”

“ஆறாவது நாள் ஒத்துக்கிட்டாங்கம்மா.”

“உங்க அப்பாவுக்கு ரெண்டு மாசம் இன்னும் பாக்கி இருக்கு” என்று சொல்லிவிட்டு, படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடச் சொன்னார்.